விற்கப்பட்ட பதினாறாம் பகுதி

வருவாய் சுருங்கும் காலத்தில், பள்ளிகளை நடத்துவோர் எதைக் குறைப்பது என்று கேட்பது இயல்பு. யாருடைய பங்கு குறைகிறது என்று கேட்போர் சிலரே. இவ்விரு கேள்விகளையும் மனத்திற்கொண்டு, ஐக்கிய அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரப் பள்ளி மாவட்டத்தின் வரலாற்றை நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

அந்நாட்டில் பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டத்தைப் போன்றதன்று. ஓர் ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்துவதற்கென அமைந்த தனி நிருவாக அமைப்பு அது. 1930களின் தொடக்கத்தில் இத்தகைய மாவட்டங்கள் 1,27,000க்கு மேல் இருந்தன. நிலத்தின்மீதும் கட்டடத்தின்மீதும் விதிக்கப்படும் சொத்து வரியே அவற்றின் முதன்மையான வருவாய். ஆகவே வரி வசூல் தடைப்படுமாயின், அதன் விளைவு நேரே வகுப்பறையைத் தாக்கும்.

இவ்வருவாய்க்குத் துணையாக மற்றோர் ஏற்பாடும் இருந்தது. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம், மேற்கிலுள்ள புதிய நிலங்களை 36 சதுர மைல் கொண்ட வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதினாறாம் பகுதியாகிய ஒரு சதுர மைலைப் பள்ளிக்கென ஒதுக்கி வைத்தது. சிக்காகோவின் பதினாறாம் பகுதி, பிற்காலத்தில் அந்நகரின் வணிக மையமாக வளர்ந்த இடத்திலேயே அமைந்திருந்தது. எனினும் 1833இல், அதன் 142 மனைத் தொகுதிகளில் 138 தொகுதிகள், ஏறத்தாழ 38,600 டாலருக்கு விற்கப்பட்டன. நான்கு மட்டுமே எஞ்சின. பிறவாத தலைமுறைகளின் உடைமை, அன்றைய தேவைக்காகக் கைமாறிற்று.

நூறு ஆண்டுகள் கழிந்தன. 1928இல் அந்நகரின் சொத்துக்களை மறுமதிப்பீடு செய்ய ஆணை பிறந்ததால், வரி வசூல் நெடுங்காலம் நின்றுபோயிற்று. அது மீளுமுன்னரே பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நிலவுடைமையாளர் பலர் ஒன்றுகூடி வரி செலுத்த மறுத்தனர். 1931 முதல் ஆசிரியர்களுக்கு ஊதியம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பல மாதங்களில், பின்னர் வரும் வரியிலிருந்து பணம் தருவதாக உறுதிகூறும் சீட்டுகளே வழங்கப்பட்டன. கடைக்காரர் அவற்றை முழு மதிப்பிற்கு ஏற்கவில்லை.

1933 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் நகரின் வங்கிகளை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். அவற்றுள் ஒன்றின் தலைவர், நாட்டின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் சார்லஸ் டாஸ். அவருடைய முந்தைய வங்கி தள்ளாடியபோது, 1932இல், கூட்டரசின் மறுசீரமைப்பு நிதிக் கழகம் 9 கோடி டாலர் கடன் வழங்க விரைந்து முன்வந்தது. ஆசிரியர்களோ இன்னும் காத்திருந்தனர்.

அவ்வாண்டு ஜூலையில் கல்விக் குழு தன் சிக்கனத் திட்டத்தை நிறைவேற்றிற்று. பாலர் வகுப்புகள் பாதியாகக் குறைக்கப்பட்டன. இடைநிலைப் பள்ளி அமைப்பு நீக்கப்பட்டது. கிரேன் இளநிலைக் கல்லூரி மூடப்பட்டது. தொடக்கப் பள்ளிகளில் கைத்தொழிற் பயிற்சியும் மனையியலும் நின்றன. இரு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரே தலைமையாசிரியர் என்றாயிற்று. சுமார் 1,400 ஆசிரியர்கள் வேலையிழந்தனர். ஆனால் அரசியல் செல்வாக்கினால் நிரப்பப்பட்டு வந்த கட்டடப் பராமரிப்புப் பணிகள் அதே அளவில் வெட்டப்படவில்லை. வறிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி உயர்கல்வி தந்த கல்லூரி மறைந்தது. பரிந்துரை பெற்றோரின் இடம் நிலைத்தது. பணமில்லை என்பது உண்மையே. ஆயினும் வெட்டு எங்கே விழவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்களே.

எதிர்ப்புக் கூட்டங்கள் எழுந்தன. 1934இல் இளநிலைக் கல்லூரிக் கல்வி மீண்டும் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், பள்ளிகளுக்கெனக் கல்விக் குழு வைத்திருந்த நிலங்களின் ஈட்டின்மேல், அதே நிதிக் கழகம் கடன் கொடுத்தது. ஆசிரியர்களின் ஊதிய நிலுவை தீர்ந்தது. முன்னோர் அனைத்தையும் விற்றுவிடாததும், கல்விக்கென்று நிலம் காக்கப்பட்டதும் இடுக்கண் நாளில் கைகொடுத்தன.

இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. 2013 மே மாதத்தில், பெரும் நிதிப் பற்றாக்குறையையும் மாணவர் குறைவையும் காரணங்காட்டி, அதே மாவட்டம் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. அவற்றில் பயின்றோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள்.

பள்ளி நிருவாகக் குழுக்களில் அமரும் நிலை நம் ஆயர்களுக்கும் வாய்க்கிறது. மிஷன் காலத்து வளாகங்கள் நம் பொறுப்பில் உள்ளன. பற்றாக்குறை வரும்போது நிலத்தை விற்பதும், பாலர் வகுப்பை மூடுவதும், குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியரை நீக்குவதும் எளிய வழிகளாகத் தோன்றும். அவற்றால் துன்புறுவோர் குழுவில் அமர்ந்திருப்பதில்லை. உக்கிராணத்துவம் என்பது கணக்கைச் சரிசெய்வதோடு முடிவதன்று. விற்பனைப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன், இது யாருக்கென ஒதுக்கப்பட்டது என்று நாம் ஒருமுறை கேட்போமாக.