வைத்தியசாலை வாசலில் ஒரு சுங்கம்

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குச் செல்லும் பாதையில் பயணஞ் செய்வோர் டன்சினன் தோட்டத்தின் பெயர்ப்பலகையைக் காணாமற் போவதில்லை. தோட்டத்தின் அருகே வீழும் அருவிக்கும் அப்பெயரே வழங்குகிறது. தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள் நாள்தோறும் சொல்லும் இப்பெயர் கடல் கடந்து வந்த பெயராகும். ஸ்கொட்லாந்து தேசத்தில், பேர்த் நகருக்கும் டண்டீ நகருக்கும் இடையே டன்சினன் என்னும் குன்று ஒன்று உண்டு. மக்பெத் மன்னனின் கோட்டை அக்குன்றின் மீது இருந்ததாக ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் அமைத்தார்.

அக்குன்றுக்குக் கிழக்கே, டே ஆற்றின் கழிமுகக் கரையில் டண்டீ நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் பெரிய வைத்தியசாலை நைன்வெல்ஸ் எனப்படும். 1974ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்த வைத்தியசாலையின் வாகனத் தரிப்பிடம் பற்றிய வரலாறு, அயலூர்ச் செய்தி போலத் தோன்றினும், மலையகத்து மக்கள் கேட்டறிய வேண்டியதொன்று. நோயாளிக்கு உதவ வருகின்றவனிடம் வாசலிலே காசு கேட்கலாமா என்னும் கேள்வியை அது எழுப்புகின்றது.

பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை 1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆந் திகதி தொடங்கிற்று. சிகிச்சைக்கு நோயாளி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. ஆயினும் மூன்றாண்டுகள் நிறைவதற்குள், பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசாங்கம் முற்பட்டது. அச்சேவையை நிறுவிய அனுரின் பெவன் 1951ஆம் ஆண்டு அதனை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். தொகை சிறிதாயினும், கொள்கை ஓரிடத்தில் விரிசல் கண்டால் அவ்விரிசல் பெருகும் என்பது அவர் தரப்பினரின் அச்சமாயிருந்தது.

அந்நாளில் தரிப்பிடக் கட்டணத்தைப் பற்றி எவரும் எண்ணவில்லை. மோட்டார் வண்டி சிலரிடம் மட்டுமே இருந்தது; வைத்தியசாலைகளும் நகரின் நடுவே, மக்கள் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. பிற்காலத்தில் பழைய கட்டடங்கள் மூடப்பட்டு, ஊருக்குப் புறத்தே பெரிய வைத்தியசாலைகள் எழுந்தன. பஸ் வண்டி அரிதாகச் செல்லும் இடங்களுக்குச் சொந்த வாகனமே துணையாயிற்று. வாகனங்கள் பெருகவே, நோயாளிகளுக்குரிய இடத்தைக் கடைக்குச் செல்வோரும் அலுவலகத்துக்குச் செல்வோரும் பிடித்துக் கொண்டனர். அவர்களை விலக்குவதற்குக் கட்டணமே வழி என்று நிருவாகிகள் கூறினர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தரிப்பிடத்தைச் செப்பனிடவும், விளக்கேற்றவும், காவல் செய்யவும் பணம் வேண்டும். அப்பணத்தை மருந்துக்குரிய பணத்திலிருந்து எடுத்தலும் முறையாகாது.

இந்நிலையில் 1992ஆம் ஆண்டு பிரித்தானிய அரசாங்கம் ஒரு புதிய ஏற்பாட்டை அறிமுகஞ் செய்தது. பொதுக் கட்டடங்களைத் தனியார் தம் முதலீட்டில் கட்டுவர். நீண்ட காலத்துக்கு அதன் பயனைப் பெறுவர். இம்முறையில் வைத்தியசாலைகளும் அவற்றின் தரிப்பிடங்களும் எழுந்தன. அரசாங்கம் உடனடியாகப் பணம் தேட வேண்டியதில்லை. ஆனால் வாசலில் வசூலிக்கும் உரிமை பல்லாண்டுகளுக்கு ஒப்பந்தமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. நைன்வெல்ஸ் தரிப்பிடமும் 1990களின் இறுதியில் இம்முறைக்கு உட்பட்டது.

வைத்தியசாலைக்கு வருவோரில் நோயாளி, உறவினர், ஊழியர் என்போரைத் தவிர வேறொரு கூட்டத்தாரும் உண்டு. அவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள். 1938ஆம் ஆண்டில் ரெடிங் சீமாட்டியார் தொடக்கிய மகளிர் தொண்டுச் சேவையும், ஊர்தோறும் அமைந்த வைத்தியசாலை நண்பர் சங்கங்களும் இத்தொண்டை வளர்த்தன. தேநீர் வழங்குதல், தள்ளுவண்டியில் புத்தகமும் பத்திரிகையும் கொண்டு செல்லுதல், வழி தெரியாதாரை உரிய விடுதிக்கு அழைத்துச் செல்லுதல், உறவினர் இல்லாத முதியவர் அருகே சிறிது நேரம் அமர்ந்திருத்தல் ஆகியன இவர்தம் பணிகள். மருத்துவரும் தாதியரும் செய்ய நேரமில்லாத இப்பணிகள், நோயாளியின் மனத்துக்கு மருந்தாகின்றன.

மணிக்கணக்கில் அறவிடப்படும் கட்டணம் இவர்களையே அதிகமாகத் தாக்கும். மருந்துச் சீட்டு வாங்க வந்தவர் அரைமணியில் திரும்பி விடுவார். தொண்டரோ காலையில் வந்து பிற்பகல் வரை தங்குவார். எவர் அதிக நேரத்தைக் கொடையாகத் தருகின்றாரோ, அவரே அதிகக் கட்டணம் செலுத்த வேண்டிய விசித்திரம் இதனால் உண்டாகிறது. பல வைத்தியசாலைகள் தொண்டருக்கு விலக்களித்தன. எனினும் அவ்விலக்கு ஒரு பெயர்ப்பட்டியலைப் பொறுத்தது. வாசலில் காவலாளி நின்ற காலத்தில், முகம் பார்த்து அனுப்பி விடுவான். வாகன இலக்கத்தைப் படம் பிடிக்கும் கருவி வந்த பின்னர், அதற்கு முகமும் தெரியாது, தொண்டும் தெரியாது. பட்டியலில் இலக்கம் இல்லையாயின் தண்டப் பத்திரம் தபாலில் வந்து சேரும்.

அத்தண்டத்துக்குச் சட்டம் இடங்கொடுக்குமா என்னும் ஐயம் 2015ஆம் ஆண்டில் தீர்ந்தது. ஒரு வணிக நிலையத்தின் தரிப்பிடத்தில் குறித்த நேரத்துக்கு மேல் வாகனத்தை நிறுத்தியவர், தனியார் நிறுவனம் கேட்ட 85 பவுணைக் கொடுக்க வேண்டும் என அந்நாட்டின் உயர் நீதிமன்றம் நவம்பர் மாதத்தில் தீர்ப்பளித்தது. பலகையில் எழுதி வைத்த நிபந்தனையை அறிந்து உள்ளே நுழைந்தவர் உடன்படிக்கைக்கு உட்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதற்கு முந்திய ஆண்டில், 2014 ஓகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் வைத்தியசாலைத் தரிப்பிடங்களுக்குச் சில நெறிகளை வெளியிட்டிருந்தது. உடற்குறை உடையோருக்கும், அடிக்கடி சிகிச்சைக்கு வருவோருக்கும், கடும் நோயாளியின் உறவினருக்கும், பொதுப் போக்குவரத்து இல்லாத வேளையில் வேலை செய்யும் ஊழியருக்கும் சலுகை வேண்டும் என்றது அது. தனியார் ஒப்பந்தக்காரரின் செயலுக்கு வைத்தியசாலையே பொறுப்பு என்றும், தண்டம் எவ்வளவு சேருமோ அவ்வளவு இலாபம் என்னும் வகையில் ஒப்பந்தம் அமைதல் ஆகாது என்றும் அது கூறிற்று. தொண்டர் விடயத்தை மட்டும் அந்தந்த வைத்தியசாலை ஆராய்ந்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு வகையினருக்கு இலவசத் தரிப்பிடம் அறிவிக்கப்பட்டபோதும் தொண்டர் அந்நான்கினுள் இடம்பெறவில்லை. கேட்காமல் வந்து உதவுகின்றவர் கேட்கவும் தயங்குவர் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

ஸ்கொட்லாந்து வேறொரு வழியிற் சென்றது. 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அந்நாட்டின் சுகாதார அமைச்சராயிருந்த நிக்கலா ஸ்டேர்ஜன் அம்மையார், வைத்தியசாலைத் தரிப்பிடக் கட்டணம் அனைத்தும் நீக்கப்படும் என அறிவித்தார். அவ்வாண்டு டிசெம்பர் 31ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் மூன்று வாசல்களில் மட்டும் அக்கட்டளை செல்லவில்லை. கிளாஸ்கோ றோயல் வைத்தியசாலை, எடின்பரோ றோயல் வைத்தியசாலை, டண்டீ நைன்வெல்ஸ் வைத்தியசாலை என்னும் மூன்றின் தரிப்பிடங்களும் தனியார் ஒப்பந்தத்தின் கீழ் இருந்தன. நாட்டை ஆளும் அமைச்சரின் சொல் அந்த வாசல்களில் நின்று விட்டது.

வேல்ஸ் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 2008ஆம் ஆண்டில் அங்கும் கட்டணம் நீக்கப்பட்டது. கார்டிஃப் நகரிலுள்ள வேல்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஒப்பந்தமோ 2018ஆம் ஆண்டு வரை நீடித்தது. அதற்கு முந்திய ஆண்டில், தண்டங்களைச் செலுத்த மறுத்த வைத்தியசாலை ஊழியர் நீதிமன்றத்தில் தோல்வியுற்றனர்.

நைன்வெல்ஸ் வாசல் திறப்பதற்குப் பெருந்தொற்று ஒன்று வர வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது மூன்று தரிப்பிடங்களிலும் கட்டணம் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஸ்கொட்லாந்து அரசாங்கம் மூன்று கோடிப் பவுணுக்கு மேற்பட்ட தொகையைக் கொடுத்து ஒப்பந்தங்களை மீட்டது. ஒரு கையெழுத்தினால் கொடுக்கப்பட்ட உரிமையைத் திரும்பப் பெற, அறிவிப்பு வந்த பின்னரும் ஏறக்குறைய 13 ஆண்டுகள் சென்றன. கட்டணம் ஒழிந்த இடங்களில் இடநெருக்கடி பற்றிய முறைப்பாடுகள் பின்னரும் எழுந்தமை உண்மையே. ஆயினும் அதனைத் தீர்க்கும் அதிகாரம் பொதுமக்களின் பிரதிநிதிகளிடம் மீண்டு வந்தது.

இனி மற்றைய டன்சினனுக்குத் திரும்பலாம். மலையகத்தில் வைத்திய வசதியின் செலவை யார் ஏற்பது என்னும் வழக்கு மிகப் பழையது. கோப்பிப் பயிர்க் காலத்தில், 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதியைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்போடு இணைத்தது. 1912ஆம் ஆண்டில் அச்சட்டம் புதுக்கி அமைக்கப்பட்டது. நாட்டின் பொது வைத்திய சேவைக்குப் புறம்பாகத் தோட்ட வைத்தியம் தனி வழியில் நெடுங்காலம் நடந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் முயற்சி 1990களிலேதான் தொடங்கிற்று.

அக்காலமெல்லாம் மலையகத்தின் தொண்டர் யாவர்? அவர்களுக்குச் சங்கமும் இல்லை, சீருடையும் இல்லை. நோயாளியைக் கம்பளியில் தூளி கட்டிச் சுமந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிய லயத்து இளைஞரே அவர்கள். பிரசவ வேதனைப்பட்ட பெண்ணுக்குத் துணையாக இரவெல்லாம் விழித்திருந்த அயல்வீட்டுப் பெண்ணும் அவர்களுள் ஒருத்தி. மறுநாள் வேலைக்குச் செல்ல இயலாமையால் செக்றோலில் அவர்களுக்குப் பேர் விழாது. தொண்டின் விலையை அவர்கள் அன்றே செலுத்தி விட்டார்கள். பூண்டுலோயாவிலிருந்து நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ நோயாளியை முச்சக்கர வண்டியில் ஏற்றிச் செல்லும் அயலவனும் அவர்களின் வழிவந்தவனே.

சிறு கட்டணம் என்ன செய்யும் என்பதை இலங்கையும் ஒருமுறை கண்டறிந்தது. 1951ஆம் ஆண்டு அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டு வெளிநோயாளருக்கு 25 சதம் விதிக்கப்பட்டது. இருபத்தைந்து சதந்தானே என்று எண்ணியோர், நோயாளர் வருகை குறைந்ததைக் கண்டனர். 1977ஆம் ஆண்டு அக்கட்டணம் கைவிடப்பட்டது.

நோயாளியிடம் 25 சதம் வாங்கியபோது அதனை நீக்க அரசாங்கத்தின் ஒரு முடிவு போதுமாயிருந்தது. நைன்வெல்ஸில் அரசாங்கத்தின் முடிவு போதவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இவ்வரலாறு தரும் பாடம். வைத்தியசாலை வளவில் ஓர் அடி நிலத்தையேனும் பிறர் நிருவாகத்துக்கு எழுதிக் கொடுக்கும் நாளிலேயே, உதவ வருகின்றவனுக்கு அங்கே வழி உண்டு என்னும் ஒரு வரியையும் சேர்த்து எழுதி விடுதல் வேண்டும். பின்னர் அவ்வரியைச் சேர்ப்பது எவ்வளவு கடினம், எவ்வளவு செலவு என்பதை டன்சினன் குன்றின் அயலிலுள்ள நகரம் அனுபவித்து அறிந்தது. பூண்டுலோயாவின் டன்சினன் அதனைக் கேட்டு அறிந்து கொள்ளலாம்.