கழுவிய பிறகும் ஓலை இல்லை

திருப்புலிவனம் வியாக்ரபுரீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகளைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே உத்திரமேரூருக்கும் போய்விடுவார்கள். பக்கம்தான். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. எல்லோரும் அவற்றைக் குடவோலைத் தேர்தலுக்காகப் படிக்கிறார்கள்: பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர் வாரியங்களுக்கு ஆளெடுக்கும் முறை அது. நான் பாவத்துக்காகப் படித்தேன். கடவுளே மன்னித்துவிட்ட ஒருவனிடம் ஊர்க்கணக்கைத் திரும்ப ஒப்படைக்கலாமா? கிறிஸ்தவ இறையியலில் அதற்கு என்ன விடை என்று தேடப்போய்த்தான் இந்தச் சுவரில் வந்து முட்டிக்கொண்டேன்.

919ஆம் ஆண்டின் ஆணை சுருக்கமானது. 921இல் வந்த திருத்தம்தான் நீளம். வயது 35க்கும் 70க்கும் இடையில், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதிகளைச் சொல்லிவிட்டு, யார் யார் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்று அடுக்குகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் முதலில் வருகிறான். அவனோடு அவன் தகப்பன், மகன், மருமகன், மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரை எல்லோரும் போகிறார்கள். பஞ்சமாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவனுக்கும் அவன் உறவுக்கும் அதே கதி. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. பிறகுதான் என்னைத் தடுத்து நிறுத்திய விதி: தகாததை உண்டு, பிராயச்சித்தமும் செய்து சுத்தமானவன். அவனுக்கும் ஆயுள் முழுக்க ஓலை கிடையாது.

மொழிபெயர்ப்பில் ஏதோ பிசகு என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். 1898இல் படியெடுக்கப்பட்ட இந்தக் கல்வெட்டுகளைப் பற்றிக் கல்வெட்டறிஞர் வெங்கய்யா எழுதினார், கே.வி. சுப்பிரமணிய ஐயர் பின்னர் எபிகிராபியா இண்டிகாவின் 22ஆம் தொகுதியில் மூலத்தோடு பதிப்பித்தார். மூலமும் உயிருள்ளவரை என்றுதான் சொல்கிறது. ஆனால் கூடாத சேர்க்கையால் விலக்கப்பட்டவனுக்கு மட்டும் பிராயச்சித்தம் முடியும்வரைதான் தடை. ஆக, எழுதியவர்களுக்குத் திரும்பி வருவது என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

பொதுப்பணத்தைப் பற்றிய பயம் என்று விளக்கிவிடலாமா? கணக்குக் காட்டாதவனுக்கும் திருடனுக்கும் அது பொருந்துகிறது. தகாததைத் தின்றவனுக்குப் பொருந்தவில்லை. அவன் வாய்க்கும் ஏரி வாரியக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு வேறு நியாயங்களை ஒரே பட்டியலில் போட்டுத் தைத்திருக்கிறார்கள் என்பது என் முடிவு. ஒன்று கணக்கு, மற்றது தீட்டு.

தீட்டின் தடத்தைப் பிடித்துப் போனால் 1712இல் தரங்கம்பாடி வருகிறது. அங்கிருந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி வாங்கிய பதில்கள், 99 கடிதங்கள், ஜெர்மனின் ஹாலேயில் அச்சாயின. கிறிஸ்தவர்களை ஏன் மதிப்பதில்லை என்பதற்கு அவற்றில் வரும் காரணங்கள் மாட்டிறைச்சி, குடி, சுத்தக்குறைவு. மீட்பைப் பற்றி அவர் பேசினார். இவர்கள் அவருடைய ஆட்களின் சாப்பாட்டைப் பார்த்தார்கள். வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளிருந்து வருவதே தீட்டு என்பது மாற்கு 7இல் இயேசு சொன்னது. உத்திரமேரூர்ப் பட்டியலில் அந்த ஒரு விதியை இது அடித்துவிடுகிறது. உறவினர் விதியை எசேக்கியேல் 18 அடிக்கிறது: தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. (ஆதாமின் பாவம் எல்லோரிடமும் தொடர்கிறது என்ற அகுஸ்தீனிடம் குடத்தைக் கொடுத்திருந்தால், அதில் போட ஓரோலைகூடத் தேறியிருக்காது.)

கணக்கு விதி மட்டும் அசையவில்லை. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் விதிகளைப் புரட்டியபோது அது உறுதியானது. கட்டாயமின்றியே விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்குத் தவக்காலம் வகுக்கிறது 11ஆம் விதி: மூன்றாண்டு வசனம் கேட்போரோடு, ஏழாண்டு பணிந்து விழுவோரோடு, இரண்டாண்டு நற்கருணை இல்லாமல் ஜெபத்தில் மட்டும். பிறகு பந்தியில் இடமுண்டு. 10ஆம் விதியோ, அப்படி மறுதலித்தவர் குருப்பட்டம் பெற்றிருந்தது தெரிந்தால் பட்டத்தைப் பறிக்கச் சொல்கிறது. மன்னிப்பு உண்டு, பதவி இல்லை. பராந்தகன் காலத்துச் சபையார் இதைப் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

ஆனால் அதே திருச்சபை மும்முறை மறுதலித்த பேதுருவைத் தலைவனாகக் கொண்டாடுகிறது. ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு அவனுக்குத்தான் கிடைத்தது, அதுவும் தவணைக்காலம் எதுவுமில்லாமல். நிசேயா ஆயர்களுக்கு இந்தக் கதை தெரியாமலா இருந்திருக்கும்? கொடுத்தவர் இயேசு, தாங்கள் வெறும் ஆயர்கள் என்ற வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருந்ததாகவே நினைக்கிறேன். உள்ளத்தைப் பார்க்க முடியாதவர்கள் விதிதான் எழுத முடியும்.

பட்டியலை மறுபடி பார்த்தபோது இன்னொன்றும் தென்பட்டது. உணவுப் பிழைக்குப் பிராயச்சித்தம் பேசப்படுகிறது, வேறு சில பாவங்களுக்கும் பேசப்படுகிறது. கணக்குக் காட்டாதவனுக்கு அந்தப் பேச்சே இல்லை. விவிலியத்தில் அவனுக்கு நெருங்கிய ஆள் சகேயு, எரிகோவின் தலைமை ஆயக்காரன். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். அன்றே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. மறுநாள் அவன் ஆயத்துறைக்குப் போனானா, போனால் எரிகோக்காரர்கள் அவனிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தார்களா என்று லூக்கா எழுதவில்லை.