வலைவழித் தொடக்கம்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைக் கணினிக்கூடங்களை முன்னிட்டு

வலைவழித் தொடக்கம் என்பது, தன்னகத்தே வட்டோ இயங்குதளமோ இல்லாத ஒரு கணினி, மின்சாரம் பெற்றவுடன் தன் நெட்வொர்க் கார்டில் பதிந்துள்ள சிறு நிரலின் துணைகொண்டு, அதே வலையிலுள்ள சர்வரிடமிருந்து முதலில் முகவரியையும், அடுத்துத் தொடக்கக் கோப்பையும், பின்னர் இயங்குதளம் முழுவதையும் கேட்டுப் பெற்று இயங்கும் முறையாகும். இவ்விதம் சர்வரை நம்பி வாழும் சிறு கணினிகளைத் தின் கிளையண்ட் என்று வழங்குவர். இவற்றுள் ஒரு வகை, சிறியதோர் இயங்குதளத்தைத் தன் ஃபிளாஷ் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, எழுந்த பிறகே சர்வரைத் தேடிச் செல்லும். மற்றொரு வகை, எழுவதற்கே சர்வரின் தயவை எதிர்பார்க்கும். இக்கட்டுரை பெரும்பாலும் பிந்திய வகையைப் பற்றியது; ஆயினும் மின்சாரம், கேபிள், முகவரி ஆகியவற்றைப் பற்றி இங்கே கூறுவன இரண்டுக்கும் பொது.

இம்முறையின் சரித்திரம் தனிக் கணினிகள் பரவிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. கோப்பை எளிய முறையில் அனுப்பும் டி.எஃப்.டி.பி. நெறி 1981இலும், வட்டில்லா யந்திரத்துக்கு முகவரி வழங்கும் பூட்பி நெறி 1985இலும் வகுக்கப்பட்டன. பூட்பியின் வாரிசாக டி.எச்.சி.பி. 1993இல் தோன்றியது. இவற்றை ஒன்றாகக் கோத்து, எந்த நிறுவனத்தின் கணினியும் எந்த நிறுவனத்தின் சர்வரோடும் பேசும்படி இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. விதிமுறையின் 2.1 பதிப்பு 1999இல் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் என்பார், பழைய கணினிகளை லினக்ஸ் சர்வரோடு இணைத்துப் பயன்படுத்தும் எல்.டி.எஸ்.பி. என்னும் கட்டற்ற மென்பொருளை உலகுக்கு அளித்தார்; பள்ளிக்கூடங்கள் இன்றளவும் அதைக் கையாளுகின்றன.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டையொட்டி, ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ், 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்னும் கணினிக்கூடங்கள் திட்டமிடப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியோ, ஒரு பக்கம் நெல்லும் கரும்பும் விளையும் சமவெளியையும், மறுபக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையையும் கொண்டது. 1976 வரை ஜாகீர்தாரர்களின் ஆதீனத்தில் இருந்து, சாலையும் மின்கம்பியும் தாமதமாகவே வந்து சேர்ந்த இம்மலையில், மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள் வெள்ளிமலையைச் சுற்றி விலகி விலகிக் கிடக்கின்றன. கள்ளக்குறிச்சியில் ஒரு சிறு உதிரிப்பாகம் பழுதானால் அன்று மாலைக்குள் மாற்றிவிடலாம்; வெள்ளிமலைக்கோ கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதையேறி ஆள் வரவேண்டும். ஆகவே வலைவழித் தொடக்கத்தால் இயங்கும் கூடத்தில் ஒரு கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அதன் ஆசிரியரே நிதானித்து அறிவது சமவெளியில் சௌகரியம் எனில், மலையில் அத்தியாவசியம்.

தொடக்கத்தின் கிரமம் இது. கிளையண்ட் விழித்தவுடன், தன் பன்னிரண்டு இலக்க மேக் முகவரியைச் சொல்லி, தனக்கு ஐ.பி. முகவரி வேண்டுமென்று வலை முழுவதற்கும் கேட்கும்படி அறைகூவுகிறது. டி.எச்.சி.பி. சர்வர் ஒரு முகவரியையும், கோப்பு எந்தச் சர்வரில் எந்தப் பெயரில் இருக்கிறதென்ற குறிப்பையும் தருகிறது. கிளையண்ட் அப்பெயரைக் கொண்டு டி.எஃப்.டி.பி. வழியே தொடக்கக் கோப்பை இறக்குகிறது. அக்கோப்பு லினக்ஸின் கெர்னல் எனப்படும் கருவையும் அதற்குத் துணையான சிறு கோப்புத் தொகுதியையும் கொண்டுவருகிறது. கடைசியாக அந்தக் கரு, சர்வரிலுள்ள முழு இயங்குதளப் படிமத்தை என்.எஃப்.எஸ். முதலிய வழிகளால் தன் மூலக் கோப்பகமாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு படி நிறைவேறாமல் அடுத்த படி தொடங்காது. எந்தப் படியில் நின்றதோ அதற்குரிய வாசகம் திரையில் நிற்கும். இம்மாவட்டத்துக் கோமுகி அணையின் வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது, விவரமறிந்தவர் கடைமடை வயலைத் தோண்டிக்கொண்டிராமல், மதகிலிருந்து வாய்க்காலோடு நடந்து வந்து உடைப்பைக் காண்பதைப் போலவே, இங்கும் முதற்படியிலிருந்து தொடர்ந்து வருவதே முறை. கிளையண்டைப் பிரிப்பதும், ராம் அட்டையைக் கழற்றித் துடைப்பதும், சர்வரில் இயங்குதளத்தை மறுபடி நிறுவுவதும் நம் கூடங்களில் பழகிப்போன வைத்தியங்கள். வலைவழித் தொடக்கத்தின் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

முதலாவதாகப் பௌதிக இணைப்பு. பி.எக்ஸ்.இ-இ61 என்ற எண்ணோடு கேபிளைச் சரிபார்க்கச் சொல்லும் வாசகம் தோன்றினால், கிளையண்டின் பின்புறத்தில் கேபிள் செருகும் துளையருகே உள்ள சிறு விளக்குகளைக் குனிந்து பார்க்கவேண்டும். விளக்கே எரியாவிடில் கேபிளோ, அதன் முனையிலுள்ள ஆர்.ஜே.45 கிளிப்போ, கூடத்துக் கேபிள்கள் வந்து கூடும் ஸ்விட்சில் அது செருகிய துளையோ, கிளையண்டின் நெட்வொர்க் கார்டோ பழுது. நன்றாக இயங்கும் பக்கத்துக் கிளையண்டின் கேபிளை இதில் மாற்றிச் செருகினால், குற்றம் கேபிளினுடையதா யந்திரத்தினுடையதா என்பது ஒரு நிமிஷத்தில் தெளிவாகும். மலையில் இடிமின்னலுக்குப் பிறகு ஸ்விட்சின் சில துளைகள் மட்டும் செத்துப்போவது உண்டு. பிற துளைகள் உயிரோடிருப்பதால் ஸ்விட்சைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் செப்புக் கேபிள் இழுத்திருந்தால் இந்த ஆபத்து அதிகம். அவ்விடத்தில் கண்ணாடி இழைக் கேபிள் போடுவதே தகும். செப்புக் கேபிளின் நீளம் நூறு மீட்டரைத் தாண்டலாகாது என்பதையும் கூடம் அமைக்கும்போதே நினைவில் வைக்கவேண்டும்.

இரண்டாவது, முகவரி கிடைக்காமை. டி.எச்.சி.பி. என்ற எழுத்துகளுக்கு அருகே ஒரு சிறு கோடு சுழன்று சுழன்று, முடிவில் பி.எக்ஸ்.இ-இ51 என்று வருமானால், கிளையண்டின் அறைகூவலுக்கு எவரும் விடையளிக்கவில்லை என்பது பொருள். யூ.இ.எஃப்.ஐ. என்னும் தொடக்க நிரலையுடைய புதிய யந்திரங்களில் இதே நிலையை இ16 என்ற எண் குறிக்கும். மலைப்பகுதியில் இதன் தலையாய காரணம் மின்சாரம். கரண்ட் போய் மீளும்போது, கிளையண்டுகள் சில விநாடிகளில் விழித்துக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. சர்வரோ வட்டுகளைச் சோதித்து, சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்பி, விடைகூறத் தயாராவதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கின்றன. விதிமுறைப்படி கிளையண்ட் 4, 8, 16, 32 விநாடிகள் என்ற கணக்கில் நான்கு முறை காத்திருந்து கேட்கும். ஆக ஒரு நிமிஷம். பல கம்பெனிகளின் நிரல்கள் அந்தப் பொறுமையையும் குறைத்துவிட்டன. இதனால் ஒரே காலையில் கூடத்திலுள்ள அத்தனை கிளையண்டுகளும் பழுதானவை போலத் தோன்ற, உண்மையில் அவற்றில் ஒன்றுக்கும் ஒரு குறையும் இராது. சர்வரையும் ஸ்விட்சையும் யு.பி.எஸ்.ஸில் வைத்துக் கிளையண்டுகளை வேறு மின்சுற்றில் வைப்பதும், சர்வரின் திரையில் நுழைவுப் பக்கம் வந்த பின்னரே கிளையண்டுகளின் பொத்தானை அழுத்துவதும் இதற்குப் பரிகாரம். யு.பி.எஸ்.ஸின் பாட்டரி தேய்ந்து, அது பெயரளவில் நிற்கும் கூடங்களே இத்தொல்லையை அதிகம் அனுபவிக்கின்றன.

விலை உயர்ந்த ஸ்விட்சுகளால் வேறொரு தாமதமும் நேர்வதுண்டு. வலையில் வளையம் ஏற்படாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்னும் ஏற்பாடு, ஒரு துளையில் யந்திரம் விழித்தவுடன் அங்கே தரவை அனுமதிக்காமல், பழைய முறைப்படி முப்பது விநாடிகள் கவனித்துக்கொண்டிருக்கும். கிளையண்டின் முதல் அறைகூவல்கள் எல்லாம் அந்த முப்பது விநாடியில் வீணாகும். கிளையண்ட் செருகிய துளைகளுக்கு மட்டும் போர்ட்ஃபாஸ்ட் என்ற விலக்கை அளித்தால் போதும். ஒரு மலிவான ஸ்விட்சில் ஒழுங்காய் எழும் கிளையண்ட், நல்ல ஸ்விட்சில் எழாமற்போகும் விநோதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவை எல்லாவற்றிலும் அதிகமாக மனிதரை அலைக்கழிப்பது, விடையளிக்க ஒருவருமில்லாத நிலையன்று. உரிமையில்லாத ஒருவர் முந்திக்கொண்டு விடையளிக்கும் நிலை. கூடத்துக்கு இன்டர்நெட் வேண்டுமென்று யாரோ ஒரு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து ஸ்விட்சில் செருகிவிடுகிறார். அந்த ரவுட்டரிலும் டி.எச்.சி.பி. சேவை தயாராக இயங்கிக்கொண்டிருக்கும். கிளையண்ட் கேட்டவுடன் ரவுட்டர் முகவரியை வழங்குகிறது. தொடக்கக் கோப்பின் பெயரை வழங்க அதற்குத் தெரியாது. திரையில் பி.எக்ஸ்.இ-இ53, அதாவது கோப்பின் பெயர் வரவில்லை என்ற வாசகம் நிற்கும். சில வேளை சர்வர் முந்தும், சில வேளை ரவுட்டர் முந்தும். எனவே ஒரே கிளையண்ட் காலையில் எழுந்து மதியம் எழாது, கூடத்தில் பேய் புகுந்துவிட்டதோ என்று ஐயுறும்படி ஆகும். இதைக் கண்டுபிடிக்கத் திரையையே நுணுகிப் பார்த்தால் போதும்: கிளையண்டின் ஐ.பி. அச்சாகும் வரியிலேயே டி.எச்.சி.பி. ஐ.பி. என்று, விடையளித்தவரின் முகவரியும் அச்சாகும். அது கூடத்துச் சர்வரின் முகவரியாக இராமல், 192.168.1.1 போன்ற ரவுட்டர் முகவரியாக இருக்குமானால் ஆசாமி அகப்பட்டுவிட்டார். ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை நிறுத்துவது ஒரு வழி. அதை நிறுத்த இயலாத இடத்தில், டிஎன்எஸ்மாஸ்க் என்னும் மென்பொருளைப் ப்ராக்ஸி முறையில் அமைத்து, முகவரியை ரவுட்டரே கொடுக்க, கோப்பின் பெயரைச் சர்வர் கொடுக்கும்படி செய்வது மற்றொரு வழி. எல்.டி.எஸ்.பி. இவ்வழியையும் ஆதரிக்கிறது, சர்வருக்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு இருந்தால் 192.168.67.1 என்ற முகவரியில் கிளையண்டுகளுக்கென்றே தனி வலையை அமைத்துக்கொள்ளவும் அது இடந்தருகிறது. இடமும் பொருளும் இருந்தால் தனி வலையே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

முகவரியும் பெயரும் கிடைத்த பிறகு நேரும் கோளாறுகள் எளியவை. இ32 என்றால் டி.எஃப்.டி.பி. சர்வர் விடையளிக்கவில்லை: சேவை நின்றிருக்கலாம், அல்லது தீச்சுவர் தடுத்திருக்கலாம். டி.எஃப்.டி.பி. 69ஆம் துறையில் (போர்ட்டில்) வேண்டுகோளைப் பெற்றுக்கொண்டு வேறொரு துறையிலிருந்து கோப்பை அனுப்பும் இயல்புடையதாகையால், 69ஐ மட்டும் திறந்துவிட்டு, எல்லாம் சரியாயிருப்பதாக எண்ணுவோர் பலர். டி01 அல்லது இ3பி வந்தால் அப்பெயரில் கோப்பு இல்லை. லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை மறந்ததன் விளைவாகவே அது அநேகமாய் இருக்கும். டி.எஃப்.டி.பி. தன் மூல வடிவில் 512 பைட் கொண்ட துண்டு ஒன்றை அனுப்பி, அது சேர்ந்ததென்ற ஒப்புதல் வந்த பின்னரே அடுத்ததை அனுப்பும் பழைமைவாதி. இருபது கிளையண்டுகள் ஒருங்கே எழுந்தால் அது திணறும். அப்போது சிறு கோப்பை மட்டும் அதன் வழியே பெற்று, பெரிய கோப்புகளை எச்.டி.டி.பி. வழியே இறக்கும் ஐ.பி.எக்ஸ்.இ. நிரல் கைகொடுக்கும்.

பழைய பயாஸ் யந்திரத்துக்கும் புதிய யூ.இ.எஃப்.ஐ. யந்திரத்துக்கும் ஒரே தொடக்கக் கோப்பு உதவாது என்பதையும் இங்கே கூறவேண்டும். ஒரே கூடத்தில் இரு தலைமுறைக் கணினிகள் இருந்தால், கிளையண்ட் தன் கட்டமைப்பைத் தெரிவிக்கும் டி.எச்.சி.பி. 93ஆம் குறிப்பைச் சர்வர் படித்து, 0 என்று சொல்பவருக்கு ஒரு கோப்பும் 7 என்று சொல்பவருக்கு வேறொரு கோப்பும் தருமாறு அமைக்கவேண்டும். கோப்பு இறங்கிய பின்னும் யந்திரம் அதை ஏற்க மறுத்தால் செக்யூர் பூட் என்ற காவலைச் சோதிக்க வேண்டும். நேற்றுவரை எழுந்த கிளையண்ட் இன்று வட்டைத் தேடி நின்றால், தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர்.2032 பாட்டரி தீர்ந்து, தொடக்க வரிசை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். சில ரூபாய்ப் பெறுமான அப்பாட்டரிகளில் நான்கைந்தை மேசை இழுப்பறையில் வைத்திருப்பது மலைப்பள்ளிக்குப் பெரிய உபகாரம்.

கரு இறங்கி, எழுத்துகள் ஓடத் தொடங்கிய பின் நிற்பது வேறு ஜாதிக் கோளாறு. மூலக் கோப்பகத்தை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பானிக் வந்தாலோ, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு வெறுந்திரை நின்றாலோ, சர்வரில் என்.எஃப்.எஸ். சேவையையும் வட்டில் இடம் மிச்சமிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். எல்.டி.எஸ்.பி.யில் இயங்குதளப் படிமத்தைப் புதுப்பித்துவிட்டு, கருவைப் புதுப்பிக்கும் கட்டளையை மறந்தால், பழைய கருவும் புதிய படிமமும் ஒத்துப்போகாமல் இந்நிலை நேரும். கிளையண்ட் முழுமையாய் எழுந்தும், புதிதாய்ச் சேர்த்த மாணவர் பெயரில் மட்டும் உள்நுழைய முடியாவிட்டால், பயனர் பட்டியலைக் கிளையண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் எல்.டி.எஸ்.பி. இனிட்ஆர்டி என்ற கட்டளையை மறுபடி இட்டாலே தீரும். இதை அறியாமல் சர்வரையே மாற்றக் கோரி விண்ணப்பம் எழுதுவது வீண்.

இவற்றுக்கும் அகப்படாத கோளாறுக்கு, சர்வரில் டிசிபிடம்ப் என்ற கருவியை 67, 68, 69 ஆகிய துறைகளின்மீது ஓடவிட்டு, கிளையண்டை எழுப்பிப் பார்க்கலாம். அறைகூவல் வந்து சேர்ந்ததா, யார் விடையளித்தார், எந்தக் கோப்பு கேட்கப்பட்டது என்பன வரிவரியாய்த் தெரியும். கூடத்துப் பொறுப்பாளர்கள் இரண்டு காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு கிளையண்டின் மேக் முகவரியையும் அது செருகப்பட்ட ஸ்விட்ச் துளையின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; கிளையண்ட் எழாதபோது, பொத்தானை அணைப்பதற்கு முன் திரையில் நிற்கும் வாசகத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையத்திலிருந்து மேலேறி வருபவர் எந்தப் பொருளை எடுத்துவரவேண்டும் என்பதை அந்தப் படமே அவருக்குச் சொல்லிவிடும்.