கையும் கத்தியும்

கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 எனத் தனித்தனி முள்ளெலும்புகளால் அமைந்து, கீழே ஒன்றாய் இணைந்த எலும்புகளில் முடிவது நம் முதுகெலும்பு. தூணைப் போல் உடலைத் தாங்குவதும் வில்லைப் போல் வளைவதும் இதுவே. இத்தூணில் தோன்றும் வலியைத் தீர்க்க மனிதன் இரு வழிகளை நாடினான். ஒன்று கையின் வழி. மற்றொன்று கத்தியின் வழி. இவ்விரண்டும் நெடுங்காலம் பகைத்து நின்றன. அப்பகையின் நடுவே அகப்பட்டுத் துன்புற்றோருள் அறுவைக்குப் பின்னும் கழுத்து வலியும் முதுகு வலியும் நீங்காத நோயாளர் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் நிலையை வரலாற்றின் வழிநின்று நோக்குவோம்.

முதற்கண் கையின் வழியைக் காண்போம். முதுகெலும்பை இழுத்தும் அழுத்தியும் சீர் செய்யும் முறைகள், பண்டைக் கிரேக்கத்தில் இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே இடம் பெற்றுள்ளன. இங்கிலாந்தில் எலும்பு கட்டுவோர் பலர் கல்லூரி வாயிலை மிதிக்காமலே கைராசிக்காரர் எனப் பெயர் பெற்றிருந்தனர். 1867இல் சர் ஜேம்ஸ் பேஜட் என்னும் புகழ்மிக்க அறுவை மருத்துவர், அவர்கள் குணப்படுத்தும் நோய்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, கொள்ளத்தக்கதைக் கொள்ளவேண்டும் என்று அறிவுறுத்தினார்.

1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், டி. டி. பால்மர் என்பவர் ஹார்வி லில்லர்ட் என்னும் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்தார் என்றும், அதனால் அவருக்குச் செவித்திறன் மீண்டது என்றும் கூறப்படுகிறது. பால்மரின் முறை, கையால் செய்வது எனப் பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் ‘கைரோபிராக்டிக்’ எனப் பெயர் பெற்றது. 1897இல் அவர் பள்ளியும் நிறுவினார். ஆயின் அவர், நூற்றுக்கு 95 நோய்களுக்கு முள்ளெலும்பின் பிறழ்ச்சியே காரணம் என்று வாதிட்டார். சான்றின் எல்லையைக் கடந்த இவ்வுரையே அவர் கண்ட துறைக்குப் பெரும் பகையைத் தேடித் தந்தது எனலாம்.

இனிக் கத்தியின் வழியைக் காண்போம். 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி ஆகிய இருவரும் முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவையைத் தனித்தனியே அறிவித்தனர். 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 19 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்புமுனையாகும். முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு கிழிந்து பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்பதையும், அதனை அகற்றலாம் என்பதையும் அவர்கள் விளக்கினர். பலர் வலி நீங்கி எழுந்து நடந்தனர். அதன்பின் முதுகுவலி என்றாலே வட்டுதான் காரணம் என்னும் எண்ணம் பரவியது. கையின் வழியினர் முள்ளெலும்பில் கண்ட ஒற்றைக் காரணத்தைக் கத்தியின் வழியினர் வட்டில் கண்டனர்.

ஆனால், அறுவை செய்துகொண்ட அனைவரும் நலம் பெறவில்லை. வெட்டிய இடத்தில் வளரும் வடுத்திசு நரம்பைச் சூழ்ந்துகொள்வதுண்டு. வட்டு மீண்டும் பிதுங்குவதுண்டு. இணைக்கப்பட்ட எலும்புகளின் சுமை அடுத்த மூட்டின்மேல் விழுவதுண்டு. நெடுநாள் வலியால் நரம்பு மண்டலமே கூருணர்வு பெற்றுவிடுவதுமுண்டு. வலிக்கு உண்மைக் காரணம் வேறிடத்தில் இருந்திருப்பதும் உண்டு. இந்நிலைக்கு ஆங்கில மருத்துவ உலகம் ‘தோல்வியுற்ற முதுகு அறுவை’ என்னும் பொருள்படப் பெயர் சூட்டியது. தோல்வி யாருடையது? மருத்துவருடையதா, நோயாளருடையதா? பெயரே பழி சுமத்துவதாயிற்று. 2021இல் அறிஞர் சிலர் ‘நீடித்த முதுகெலும்பு வலி’ என்னும் பொருளுடைய பெயரை முன்மொழிந்தனர். சொல்லாட்சியில் கருத்துடைய தமிழாசிரியர் இம்மாற்றத்தின் அருமையை நன்கு உணர்வர்.

இந்நோயாளர் கையின் வழியை நாட இயன்றதா? அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவத்துக்கு எதிரான குழுவொன்றை அமைத்தது. கைரோபிராக்டிக் செய்வோருடன் மருத்துவர்கள் தொழிலுறவு கொள்வது ஒழுக்கக்கேடு என்றும் விதித்தது. அறுவை செய்தவரும் கைமுறை மருத்துவம் செய்பவரும் ஒரே நோயாளரைப் பற்றிக் கலந்து பேசவும் தடை எழுந்தது. 1976இல் செஸ்டர் வில்க் முதலானோர் சிகாகோவில் வழக்குத் தொடுத்தனர். விதி 1980ஆம் ஆண்டளவில் தளர்ந்தது. 1987இல் நீதிபதி சூசன் கெட்சன்டானர், சங்கம் வணிகப் போட்டிச் சட்டத்தை மீறியது எனத் தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. எனினும், கைரோபிராக்டிக் அறிவியலா அன்றா என்பதற்கு அத்தீர்ப்பு விடை கூறவில்லை என்பதை மறத்தலாகாது. நீதிமன்றம் மதிலைத்தான் இடித்தது. மருந்தின் பயனை அளக்கவில்லை.

அப்பயனை அளப்பது ஆராய்ச்சியின் கடன். 2017இல் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி, பொதுவான இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னர் நாடத்தக்க வழிகளுள் முதுகெலும்புக் கைமுறையையும் சேர்த்தது. ஆயின், அறுவைக்குப் பின் நீடிக்கும் வலிக்கு இம்முறை உதவுமா என்பதற்குக் கிடைத்துள்ள சான்றுகள் பெரும்பாலும் தனி நோயாளர் பற்றிய அறிக்கைகளே. உலோகத் தண்டும் திருகும் பொருத்திய இடத்தில் வன்மையான உந்தல் தகாது. மெல்ல இழுத்தும் வளைத்தும் செய்யும் முறைகளுக்குக்கூட அறுவை மருத்துவரின் கருத்தும் புதிய படங்களும் வேண்டும். கழுத்தை விரைந்து திருப்புவதால் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வது அரிதாயினும், அவ்விடர் கருதத்தக்கது. சிறுநீர் கட்டுக்கடங்காமை, கால்களின் வலுவிழப்பு, தொடைகளின் உட்புற மரமரப்பு ஆகியவை தோன்றின், உடனே மருத்துவமனைக்கே செல்லுதல் வேண்டும். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் ஏற்கப்பட்ட துறைகளுள் கைரோபிராக்டிக்கும் ஒன்றாதலின், இச்செய்திகள் நமக்கும் வேண்டுவனவே.

ஒரு துறை தன் எல்லையை அறியாது பேசும்போதும், மற்றொரு துறை ஆராயாமலே கதவை அடைக்கும்போதும் இழப்பு நோயாளருக்கே. பேஜட் 1867இல் கூறிய அறிவுரை பலித்திட நூறாண்டுக்கும் மேலாயிற்று. அந்நெடுங்காலத்தில் வலியோடு வாழ்ந்து மறைந்தோரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. மருத்துவ வரலாற்றை மாணவர்க்குப் பயிற்றுவிக்கும்போது, கண்டுபிடித்தோரின் பெயர்களோடு அவர்களையும் நினைவூட்டுதல் ஆசிரியர் கடனாகும்.