ஜெயிலில் கூடிய நகரசபை

தேர்தலில் ஜெயித்தவர்கள் மாலை போட்டுக்கொள்வார்கள். ஊர்வலம் போவார்கள். ஜெயித்த இரண்டு வருஷத்துக்குள் கூண்டோடு ஜெயிலுக்குப் போவார்களா?

போனார்கள். அதுவும் லண்டனில். மேயர், துணை மேயர், கவுன்சிலர்கள் என்று மொத்தம் 30 பேர். ஊழலா? இல்லை. கையாடலா? ஒரு பென்னிகூட இல்லை. 'இந்த வரியை எங்கள் ஜனங்களிடம் வசூலிக்க மாட்டோம்' என்று சொன்னார்கள். அதுதான் குற்றம்!

ஊரின் பெயர் பாப்லர். கிழக்கு லண்டனில், தேம்ஸ் நதி வளைந்து ஓடும் இடத்தில் இருந்த ஒரு நகரசபை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காகவே 1806-ல் திறந்த 'ஈஸ்ட் இந்தியா டாக்ஸ்' இங்கேதான். நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய சரக்கெல்லாம் இறங்கிய துறைமுகம். சரக்கின் லாபம் மேற்கு லண்டன் மாளிகைகளுக்குப் போனது. மூட்டை தூக்கியவன் பாப்லரின் ஒண்டுக் குடித்தனத்துக்குத் திரும்பினான்.

அவனுக்கும் தினசரி வேலை நிச்சயம் கிடையாது. காலையில் துறைமுக கேட் வாசலில் கூட்டமாக நிற்கவேண்டும். மேஸ்திரி வந்து 'நீ வா, நீ வா' என்று கை காட்டுவான். கை காட்டப்படாதவன் வீட்டுக்கு நடக்கவேண்டியதுதான். அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பது அந்த மேஸ்திரியின் விரலில் இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் 1919 நவம்பரில் நகரசபைத் தேர்தல் வந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஒரு வருஷம். அதற்கு முந்தைய வருஷம் வந்த புதிய சட்டம் வாக்காளர் பட்டியலையே புரட்டிப் போட்டிருந்தது. 30 வயது தாண்டிய இல்லத்தரசிகள் லட்சக்கணக்கில் பட்டியலில் சேர்ந்தார்கள். இன்னொன்றும் நடந்தது. அதுவரை அரசு தர்மத்தில் கஞ்சி குடித்தவனுக்கு ஓட்டு கிடையாது. பசிக்காகக் கை நீட்டினால் விரலில் மை கிடையாது என்கிற மாதிரி! அந்தத் தடையும் 1918-ல் நீங்கியது.

முடிவு? மொத்தம் 42 இடம். லேபர் கட்சிக்கு 39.

ஜெயித்தவர்கள் யார் என்கிறீர்களா? துறைமுகத் தொழிலாளி, ரயில்வே ஊழியர், தபால்காரர், சாதாரணக் குடும்பப் பெண்கள். கவுன்சிலர் பதவிக்கு அப்போது சம்பளம் கிடையாது. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து பட்ஜெட் புரட்டவேண்டும்.

மேயர் ஆனவர் ஜார்ஜ் லேன்ஸ்பரி. அறுபது வயது. இந்த மனிதரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1910-ல் எம்.பி. ஆனவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1912-ல் பதவியை ராஜினாமா செய்து, அதே தொகுதியில் மறுபடி நின்று... தோற்றார்! ஓட்டுப் போடும் உரிமை ஆண்களுக்கு மட்டும் இருந்த காலத்தில் பெண்களின் ஓட்டுரிமைக்காக இடைத்தேர்தலை வரவழைத்தால் வேறென்ன நடக்கும்? 1913-ல் சிறைக்கும் போய் உண்ணாவிரதம் இருந்தார். 'டெய்லி ஹெரால்ட்' பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். ஆக, ஜெயில் வாசல் அவருக்குப் புதிதல்ல.

புது நகரசபை மளமளவென்று வேலையை ஆரம்பித்தது. வீடுகள் கட்டினார்கள். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் பால் கொடுத்தார்கள். 1920-ல், நகரசபை ஊழியர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரம் நாலு பவுண்டு என்று அறிவித்தார்கள். ஆணுக்கும் நாலு, பெண்ணுக்கும் நாலு. சம வேலைக்கு சமச் சம்பளம் என்பது பெரும்பாலும் பேச்சளவிலேயே இருந்த காலம் அது.

எல்லாம் சரி, பணம்?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பி.காம். படித்த புத்தி சும்மா இருக்காது. மொத்தக் கதையும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

அன்றைய லண்டனில் நகரசபைக்கு முக்கிய வருமானம் சொத்து வரி. ஒரு கட்டடம் வருஷத்துக்கு எவ்வளவு வாடகை பெறும் என்று மதிப்புப் போடுவார்கள். அந்த மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று வரி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பவுண்டுக்கு ஒரே ஒரு பென்னி வரி போட்டால், பணக்கார வெஸ்ட்மின்ஸ்டரில் சுமார் 30 ஆயிரம் பவுண்டு கொட்டும். அதே ஒரு பென்னியைப் பாப்லரில் போட்டால் நாலாயிரம்கூடத் தேறாது.

செலவோ நேர்தலைகீழ். வேலையில்லாதவர்களுக்கும் அநாதைகளுக்கும் நிவாரணம் கொடுக்கும் பொறுப்பு அந்தந்த வட்டாரத்தின் தலையில். வெஸ்ட்மின்ஸ்டரில் கை நீட்டுகிறவர்கள் குறைவு. பாப்லரில் தெருவுக்குத் தெரு. அதாவது, ஏழையின் பசிக்குப் பக்கத்து வீட்டு ஏழை வரி கட்டவேண்டும்! மேற்கே இருக்கும் பணக்காரருக்கு அதில் சம்பந்தமே இல்லை.

1921-ல் பொருளாதாரம் படுத்தது. துறைமுகத்தில் கப்பல் வரத்து குறைந்தது. நிவாரணச் செலவு எகிறியது. வரியை ஏற்றினால் குடித்தனக்காரன் வாடகையில் அது விடியும். ஏற்றாவிட்டால் பட்டினி. 42-க்கு 39 ஜெயித்தவர்களின் கையில் கிடைத்த சாவி, காலிப் பெட்டியின் சாவி.

இந்த இடத்தில் வழக்கமான அரசியல்வாதி என்ன செய்வார்? மேலே மனுக் கொடுப்பார். நிதி ஒதுக்கவில்லை என்று அறிக்கை விடுவார். பாப்லர்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். அதில்தான் அவர்களுடைய மூளை தெரிகிறது.

ஒவ்வொரு நகரசபையும் தனக்கான வரியோடு சேர்த்து நாலு பெரிய அமைப்புகளுக்காகவும் வரி வசூலித்துக் கட்டவேண்டும். லண்டன் முழுமைக்குமான கவுண்டி கவுன்சில், போலீஸ், குடிநீர் வாரியம், ஆஸ்பத்திரிகள் நடத்தும் அசைலம்ஸ் போர்டு. 1921 மார்ச் 22 அன்று பாப்லர் நகரசபை கூடியது. 'எங்கள் ஊர்ச் செலவுக்கு மட்டும் வரி போடுவோம். அந்த நாலு பேருக்காக ஒரு பென்னியும் வசூலிக்க மாட்டோம்' என்று தீர்மானம் போட்டது.

கவனியுங்கள். ஜனங்களிடம் வாங்கிய பணத்தைக் கட்டாமல் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. வசூலிக்கவே மறுத்தார்கள். வரி குறைந்தால் பாப்லர்வாசிக்கு சந்தோஷம். துண்டு விழுவது கவுண்டி கவுன்சிலின் கஜானாவில். 'லண்டன் முழுவதும் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள், மறுபடி கட்டுகிறோம்' என்பது கோரிக்கை.

கவுண்டி கவுன்சில் கோர்ட்டுக்குப் போனது. ஜூலை 29 அன்று ஆஜராகச் சொல்லி உத்தரவு. பாப்லரிலிருந்து ஹைகோர்ட் வரை அத்தனை மைலும் நடந்தே போனார்கள். முன்னால் பாண்டு வாத்தியம். செங்கோல் தூக்கும் சேவகர். கழுத்தில் அலுவல் சங்கிலியோடு அந்த வருஷத்து மேயர் சாம் மார்ச். பின்னால் இரண்டாயிரம் பேர் போல ஊர் ஜனம். பிடித்துவந்த பேனரில், பாப்லர் நகரசபை ஹைகோர்ட்டுக்குப் போகிறது, அங்கிருந்து சிறைக்கும் போகலாம் என்று எழுதியிருந்தது. குறும்பு!

சட்டத்தின் முன்னால் வாதம் எடுபடவில்லை. 'வசூலித்துக் கட்டு' என்றது கோர்ட். மாட்டோம் என்றார்கள். கோர்ட் அவமதிப்பு. செப்டம்பர் 1 முதல் கைது ஆரம்பம். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு, பெண்கள் ஹாலோவே சிறைக்கு. லேன்ஸ்பரி, அவருடைய மகன் எட்கர், மருமகள் மின்னி மூன்று பேரும் உள்ளே. நெல்லி கிரெஸ்ஸல் என்ற கவுன்சிலர் அப்போது கர்ப்பிணி. அவரும் ஜெயிலில்.

அரசாங்கம் எதிர்பார்த்தது ஒன்று. சாதாரண ஜனங்கள்தானே, நாலு நாள் களி தின்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நடந்தது வேறு. சிறைவாசலில் தினமும் கூட்டம். லேன்ஸ்பரி கம்பிக்குள்ளிருந்தபடியே ஜன்னல் வழியாகப் பொதுக்கூட்டம் பேசினார்! வெளியே ஜனங்கள் பாடினார்கள், உள்ளேயிருந்து எதிர்ப்பாட்டு வந்தது.

உச்சக்கட்ட வேடிக்கை இனிமேல்தான். நகரசபையின் பெரும்பகுதி உள்ளே இருந்தால் ஊர் வேலை எப்படி நடக்கும்? 'கூட்டம் போட அனுமதி வேண்டும்' என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அரசாங்கம் அனுமதித்தது. ஹாலோவேயிலிருந்து பெண் கவுன்சிலர்களை வண்டியில் ஏற்றி பிரிக்ஸ்டனுக்குக் கொண்டுவருவார்கள். ஜெயிலுக்குள்ளேயே நகரசபைக் கூட்டம். தீர்மானம், விவாதம் எல்லாம் முறைப்படி. முடிந்ததும் அவரவர் ஜெயிலுக்கு அவரவர்.

கர்ப்பிணிப் பெண்ணை அடைத்துவைத்த செய்தி அரசாங்கத்துக்குப் பெரிய தலைகுனிவு. நெல்லியை மூன்று வாரத்துக்குள் வெளியே விட்டார்கள். இதே நெல்லி 1943-ல் பாப்லரின் மேயர் ஆனார்.

லேபர் கட்சித் தலைமை இதையெல்லாம் பார்த்துப் பூரித்துப் போயிருக்கும் என்று நினைத்தால், தப்பு. கட்சியின் லண்டன் பிரமுகர் ஹெர்பர்ட் மாரிசனுக்கு இந்தக் கலாட்டா சுத்தமாகப் பிடிக்கவில்லை. சட்டத்தை மீறினால் நடுத்தர வர்க்க ஓட்டுப் போய்விடும் என்பது அவர் கவலை. ஆனாலும் சமரசம் பேசவேண்டிய வேலை அவர் தலையில்தான் விழுந்தது. பிரதமர் லாயிட் ஜார்ஜோ ஓய்வெடுக்க ஸ்காட்லாந்தின் வடகோடிக்குப் போயிருந்தார். மாரிசனும் சில மேயர்களும் அங்கேயே தேடிப்போய்ப் பார்த்தார்கள்.

பிரதமரை அசைத்தது அந்தச் சந்திப்பு என்று நான் நம்பவில்லை. அசைத்தது பக்கத்து ஊர்கள். பெத்னல் கிரீன், ஸ்டெப்னி நகரசபைகளும் 'நாங்களும் கட்டமாட்டோம்' என்று தீர்மானம் போட்டுவிட்டன. 1919 தேர்தலுக்குப் பிறகு அந்த ஸ்டெப்னியின் மேயராக இருந்தவர் கிளெமென்ட் அட்லி. ஆமாம், 1947-ல் நமக்குச் சுதந்திரம் கொடுத்தபோது பிரதமராக இருந்த அதே அட்லிதான். ஒரு நகரசபையை ஜெயிலில் போடலாம். கிழக்கு லண்டன் முழுவதையும் போட எந்தச் சிறையில் இடம்?

அக்டோபர் 12 அன்று கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. வரி கட்டுவதாக உறுதி கொடுக்கவும் இல்லை. அரசாங்கம் கூட்டும் பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளவேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். கௌரவமாகப் பின்வாங்க கோர்ட்டுக்கும் ஒரு கதவு வேண்டுமே!

நவம்பரில் அவசர அவசரமாகப் புதுச் சட்டம் வந்தது. நிவாரணச் செலவின் பெரும்பகுதியை லண்டனின் எல்லா நகரசபைகளும் ஒரு பொது நிதியிலிருந்து பகிர்ந்துகொள்ளும். வெஸ்ட்மின்ஸ்டரின் பென்னி முதல்முறையாகப் பாப்லரின் அடுப்புக்குப் போதுமான அளவில் வந்து சேர்ந்தது.

சந்தோஷத்தோடு முடிக்கத்தான் ஆசை. ஆனால், விடுதலையாகி மூன்று மாதம்கூட ஆகாத 1922 ஜனவரி 1 அன்று, காய்ச்சல் நிமோனியாவாகி மின்னி லேன்ஸ்பரி இறந்துபோனார். வயது 32. ஜெயில்தான் அவர் உடம்பைக் கெடுத்தது என்று பாப்லர் நம்பியது.

அதே வருஷம் நவம்பரில் அடுத்த தேர்தல். லண்டன் முழுக்க லேபர் கட்சிக்கு செம அடி. 1919-ல் பிடித்த பல நகரசபைகள் கைநழுவின. பாப்லர் அசையவில்லை. ஜெயிலுக்குப் போனவர்களின் கட்சியையே ஜனங்கள் மறுபடி உட்காரவைத்தார்கள்.

ஆனால் கோர்ட் விடவில்லை. விலைவாசி இறங்கிய பிறகும் நாலு பவுண்டு சம்பளம் கொடுத்தது அதிகப்படி என்று அரசாங்க ஆடிட்டர் கவுன்சிலர்களின் தலையில் 5,000 பவுண்டைக் கட்டினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1925-ல் நீதிபதிகள் ஆடிட்டர் பக்கம் சாய்ந்தார்கள். ஊர்ப் பணத்தில் தர்மம் செய்ய நீ யார், சந்தை நிலவரப்படி சம்பளம் கொடு என்பது சாரம். ஜனங்கள் ஓட்டுப் போட்டதே அந்தச் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் என்ற வாதம் செல்லவில்லை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ, அந்தத் தீர்ப்பு வரவுசெலவைப் பார்த்தது, வாக்குச்சீட்டைப் பார்க்கவில்லை.

எதிராளிகள் 'பாப்லரிசம்' என்று கேலியாக ஒரு வார்த்தையை உண்டாக்கினார்கள். அது ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. லேன்ஸ்பரி 1932-லிருந்து 1935 வரை லேபர் கட்சிக்கே தலைவராக இருந்தார். வட்டமேஜை மாநாட்டுக்காக 1931-ல் லண்டன் போன காந்தி, பெரிய ஹோட்டல்களை ஒதுக்கிவிட்டுத் தங்கிய கிங்ஸ்லி ஹால் இந்தப் பாப்லர் எல்லைக்குள்தான் இருந்தது.

1965-ல் பாப்லர், டவர் ஹாம்லெட்ஸ் என்ற பெரிய நகரசபையோடு சேர்ந்துவிட்டது. துறைமுகங்களும் பிறகு மூடின. மூட்டை இறங்கிய வெஸ்ட் இந்தியா டாக்ஸ் இருந்த இடத்தில் இன்றைக்கு கேனரி வார்ஃப். கண்ணாடிக் கோபுரங்கள், உலக வங்கிகள். 1921-ல் இந்தக் கட்டடங்கள் இருந்திருந்தால் ஒரு பென்னி வரிக்கு என்ன கொட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் போ ரோடு. அங்கே ஒரு கட்டடச் சுவரில் மின்னியின் நினைவாக ஒரு கடிகாரம். பழுதாகிக் கிடந்ததை 2008-ல் சீர்செய்தார்கள். அதற்குக் கைகொடுத்தவர்களில் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலா லேன்ஸ்பரியும் ஒருவர். மின்னி போன பிறகு எட்கர் மறுமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணத்தில் பிறந்த மகள்தான் ஏஞ்சலா.