செவிகொடுத்தலும் வாணிபமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, நீரேரி கடலொடு கலக்கும் முகத்தில் அமைந்த ஊர் தொண்டைமானாறு. முதலாங் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பேற்றும் மரக்கலங்கள் வந்து செல்லும்பொருட்டு இவ்வாற்றை வெட்டி ஆழமாக்கினான் என்றும், அதனால் ஊர் அவன் பெயரைப் பெற்றது என்றும் ஈழத்து மரபு கூறும். அதே ஆற்றங்கரையிலே செல்வச் சந்நிதி முருகன் கோயில் உள்ளது. அங்கே பூசகர் தம் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வர். வாணிபத்தாற் பெயர் பெற்ற ஊரிலே மௌனத்தாற் புகழ் பெற்ற கோயில் நிற்பது சிந்திக்கத்தக்கது. பேசத் தெரிந்தவனே வணிகன் என்று உலகம் சொல்லும். கேட்கத் தெரிந்தவன் அடைந்த பயனையும், கேட்கத் தவறியவன் அடைந்த இழப்பையும் வரலாறு சொல்லும். அவ்வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் நாடுகளுள் ஒன்று யப்பான்.

யப்பானிய மொழியில் 'அய்சுச்சி' என்றொரு சொல் உண்டு. கொல்லன் உலையிலே ஆசான் ஒரு சம்மட்டியும் மாணாக்கன் ஒரு சம்மட்டியும் ஏந்தி, காய்ச்சிய இரும்பை மாறிமாறி அடிப்பர். ஆசான் அடித்த இடைவெளியிலே மாணாக்கன் அடி விழவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் இரும்பு வடிவு பெறாது. அந்தத் துணைச் சம்மட்டியின் அடியே அய்சுச்சி. ஒருவர் பேசும்போது மற்றவர் இடையிடையே 'ஹை' என்றும், 'நருஹோதோ' என்றும் கூறித் தாம் செவிகொடுத்திருப்பதை உணர்த்துவதற்கு யப்பானியர் இப்பெயரை இட்டனர். கதை கேட்கும் குழந்தை 'உம்' கொட்டாவிடின் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள் என்பதை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. யப்பானில் இவ்வழக்கம் வாணிப மேசையிலும் வாழ்கின்றது. கேட்பவர் வாளாவிருப்பின், பேசுபவர் தம் சொல் சென்று சேரவில்லை என்று ஐயுறுவர்.

அயலவர் இடறி விழும் இடமும் இதுவே. 'ஹை' என்பதற்கு அகராதி 'ஆம்' என்று பொருள் கூறும். உரையாடலின் நடுவே அது பெரும்பாலும் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற அளவிலேயே நிற்கும். யாழ்ப்பாணத்தார் 'ஓம்' என்னும் சொல்லை வழங்குவதை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒருவர் தம் வழக்கை விரித்துரைக்கும்போது எதிரிலிருப்பவர் 'ஓம், ஓம்' என்கிறார். காணியை விற்க உடன்பட்டார் என்று அதற்கு எவரும் பொருள் கொள்வதில்லை. ஆனால் யப்பானியரின் பத்து 'ஹை'களைக் கேட்டு, பத்து உடன்பாடுகள் கிடைத்தன என்று மகிழ்ந்து ஊர் திரும்பிய அயல்நாட்டு வணிகர் பலர்.

இத்தகைய மயக்கத்தின் வரலாறு பழையது. 1641ஆம் ஆண்டு முதல் யப்பானில் வணிகஞ்செய்ய விடப்பட்ட ஐரோப்பியர் ஒல்லாந்தர் மட்டுமே. அவர்கள் நாகசாகித் துறைமுகத்திலே தெஜிமா என்னும் சிறு தீவினுள் அடைக்கப்பட்டு வாழ்ந்தனர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1658இல், அதே ஒல்லாந்தக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. யாழ்ப்பாணத்தில் ஆள்வோராக இருந்தவர்கள், நாகசாகியில் காவலுக்குட்பட்ட விருந்தினராக இருந்தனர். சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணிகள் யப்பான் சென்றன. சென்னைச் சாந்தோமின் பெயரால் 'சன்தோமே' என்றே அவை அங்கு வழங்கப்பட்டன. இவ்வாணிபப் பேச்செல்லாம் பரம்பரை மொழிபெயர்ப்பாளர் குடும்பங்களின் வழியாகவே நடந்தது. அரசின் அலுவலராகிய அவர்களே இரு திறத்தாருக்கும் செவியும் நாவுமாயினர்.

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் மத்தியூ பெரி போர்க்கப்பல்களொடு வந்தபோது, இரு திறத்தாருக்கும் பொதுவாயிருந்த மொழிகள் ஒல்லாந்தமும் சீனமுமே. யப்பானியர் கூறியது ஒல்லாந்தமாகி, அது ஆங்கிலமாகி, மறுமொழி அவ்வழியே மீண்டது. 1854ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் கனகாவா உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதன் பதினோராம் பிரிவு, ஷிமோதாவில் அமெரிக்கத் தூதுவர் ஒருவரை அமர்த்துவது பற்றியது. இரு அரசுகளுள் ஏதேனும் ஒன்று வேண்டுமெனக் கருதின் தூதுவர் வரலாம் என்றது ஆங்கிலப் படி. இரு அரசுகளும் வேண்டுமெனக் கருதினாலே வரலாம் என்றது யப்பானியப் படி. 1856இல் டவுன்சென்ட் ஹாரிஸ் தூதுவராக வந்து இறங்கியபோது, அவரை எதிர்பாராத அலுவலர் திகைத்தனர். திரும்பிச் செல்லுமாறும் வேண்டினர். அவர் செல்லவில்லை. 1858இல் அவர் பெற்ற வாணிப உடன்படிக்கை, சுங்கவரியைத் தானே விதிக்கும் உரிமையை யப்பானிடமிருந்து பறித்தது. அவ்வுரிமையை முழுமையாக மீட்க அந்நாட்டுக்கு 1911ஆம் ஆண்டு வரை சென்றது. வலியோரின் போர்க்கப்பல்களே இதற்கு முதற்காரணம் என்பது உண்மை. எனினும், 'ஏதேனும் ஒன்று', 'இரண்டும்' என்னும் சொற்களை ஒப்பமிடுமுன் வாய்விட்டுச் சொல்லி ஒத்துப் பார்த்திருந்தால், அந்தத் திகைப்பேனும் நேர்ந்திராது.

நூறாண்டு கடந்த பின்னரும் படிப்பினை முற்றவில்லை. 1969ஆம் ஆண்டு நவம்பரில் யப்பானியப் பிரதமர் சாத்தோ எய்சாக்கு, அமெரிக்க அதிபர் நிக்சனைச் சந்தித்தார். யப்பானியத் துணி ஏற்றுமதியைக் குறைக்கவேண்டும் என்பது அமெரிக்கரின் கோரிக்கை. சாத்தோ 'ஸென்ஷோ ஷிமஸு' என்று விடையிறுத்தார் என்றும், 'தக்கவாறு கவனிப்போம்' என்னும் அளவிலான அச்சொல்லை அமெரிக்கர் உறுதிமொழியாகக் கொண்டனர் என்றும் நெடுங்காலம் சொல்லப்பட்டு வருகின்றது. மறைவிலே வேறு இணக்கங்களும் இருந்தன என்பர் வரலாற்றாசிரியர். ஆகவே பழியெல்லாம் ஒரு சொல்லின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. ஆயினும் துணி விவகாரம் தீர 1971ஆம் ஆண்டு அக்டோபர் வரை சென்றது. இடையிலே இரு நாட்டு உறவும் பெரிதும் கசந்தது.

ஆகவே யப்பானியரொடு வாணிபம் பேசுவோர் செவியை எவ்வாறு பழக்கல் வேண்டும்? முதலாவது, வாக்கியம் முடியும்வரை பொறுத்தல். யப்பானிய மொழியில் வினை இறுதியில் நிற்கும். உடன்பாடும் எதிர்மறையும் அங்கேதான் வெளிப்படும். 'தருகிறோம்', 'தர இயலவில்லை' என்பன ஈற்றிலேயே பிரியும் தமிழைப் பேசுவோருக்கு இப்பொறுமை இயல்பாகவே கைவரும். இவ்விரு மொழிகளும் உறவுடையன என்று மொழியறிஞர் ஓனோ சுசுமு ஒரு கருத்தை முன்வைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும், மனோன்மணி சண்முகதாசும் அவ்வாய்விலே துணைநின்றனர். அக்கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றிலர். உறவு இருப்பினும் இல்லாவிடினும், வாக்கிய அமைப்பின் ஒப்புமை கண்கூடு.

இரண்டாவது, சொல்லாமல் விட்டதைக் கேட்டல். விலையைக் குறைக்கக் கேட்டபோது 'சொத்தோ...' என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காது நிறுத்தினால், அது பெரும்பாலும் மறுப்பே. 'சற்று' என்பது அதன் நேர்ப்பொருள். 'சற்றுக் கடினம்' என்பது உட்கிடை. 'கெந்தோ ஷிமஸு', அதாவது 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்பதும் பலகாலும் நாகரிகமான விடைகொடுப்பே. பொருள் கொள்ள வந்தவர் 'பார்ப்போம்' என்று எழுந்து சென்றால், அவர் திரும்பி வருவது அரிது என்பதை நம்மூர்க் கடைக்காரரும் அறிவர்.

மூன்றாவது, ஆளறிந்து மறுமொழி கூறல். ஒத்தாரிடம் பொருந்தும் 'நருஹோதோ', மூத்தாரிடம் சொல்லப்படின் அவர் கூற்றை எடைபோடுவதாகப் படலாம். அங்கே 'ஹை' என்பதே தகும். நான்காவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லல். கட்டளையின் அளவு, விலை, நாள், தொலைபேசி எண் ஆகியவற்றை மீண்டும் கூறி உறுதி செய்வது யப்பானிய அலுவலகங்களில் கட்டாயப் பழக்கம். தொகை பேசும்போது இது மிக இன்றியமையாதது. நாம் இலட்சமும் கோடியுமாக எண்ணுகிறோம். அவர்கள் பதினாயிரத்தை 'மன்' என்றும், பத்துக்கோடியை 'ஒக்கு' என்றும் எண்ணுகின்றனர். நூறு 'மன்' நமக்குப் பத்து இலட்சம். ஒரு சுழி தவறினால் ஒரு கப்பற் சரக்கே தவறும்.

செவிகொடுத்தலின் பயனுக்கு நம் நாட்டு வரலாற்றிலும் சான்றுண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. ஒன்பதாண்டு கழித்து, 1951ஆம் ஆண்டு செப்டெம்பரில், சன் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, தம் நாடு யப்பானிடம் இழப்பீடு கேளாது என அறிவித்தார். தோற்ற நாட்டின் குரலையும் கேட்டு நடந்த அச்செயலை யப்பான் மறக்கவில்லை. 1952இல் இரு நாடுகளும் தூதுறவு பூண்டன.

தொண்டைமானாற்றுக்கு அயலூரான வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அத்தகைய கலங்களைச் செலுத்திய மாலுமிகள், காற்றின் ஒலியைக் கேட்டுப் பாய்மரத்தைத் திருப்பக் கற்றவர்கள். காற்றை எதிர்த்துப் பேசிக் கரை சேர்ந்தவர் எவருமிலர். அயல்மொழி வணிகரின் எதிரில் அமர்வோருக்கும் அதுவே துறை. அவர் 'ஹை' என்று கூறும்போது, அது உடன்பாட்டின் 'ஓமா', கேட்டுக்கொண்டிருப்பதன் 'ஓமா' என்று ஒரு கணம் நின்று அறிந்துகொள்வாராயின், ஒப்பந்தமும் நிலைக்கும். அதனினும் அரிய நட்பும் நிலைக்கும்.