மூன்றாந் தமிழின் ஆசிரியர்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் பேசுவது நம் நாவுக்குப் பழகிய வழக்கமேயாயினும், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், அந்த மூன்றாவது தமிழைக் காட்டுக என்று மாணவனொருவன் கேட்டிருப்பானாயின், எடுத்துக் காட்டுதற்கு முழுமையான இலக்கண நூலொன்றும் தமிழாசிரியர் கையில் இருந்ததில்லை. 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தபோது, முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடகத்தமிழ் நூல்களின் பெயர்கள் கற்றோர்க்குத் தெரியவந்தன. அவை தம் காலத்திலேயே சிதைந்து போயின என்று அவ்வுரையாசிரியர் வருந்தியதும் உடன் தெரியவந்தது.

அதே ஆண்டில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பி.ஏ. தேறி, தமிழிலும் தத்துவ சாஸ்திரத்திலும் முதன்மை பெற்று வெளிவந்தார், மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870 ஜூலை 6-இல் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். தந்தையாரிடம் வடமொழியும் மதுரைச் சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றவர். கல்லூரித் தலைவர் மில்லர் ஷேக்ஸ்பியரிடத்து அளவிறந்த அபிமானம் உடையவர். ஒருநாள் அவர் டென்னிஸன் கவிதையில் ஓடத்தை அன்னத்துக்கு ஒப்பிட்ட உவமையை வியந்தபோது, கங்கையிற் சென்ற குகனுடைய நாவாய்க்கு அவ்வுவமையைக் கம்பர் முன்னமே அமைத்துள்ளார் என்று எழுந்து விளக்கிய மாணவர் இவரே என்பர். தத்துவத் துறையில் உத்தியோகம் கிடைக்கக்கூடிய நிலையிலும் தமிழாசிரியப் பதவியையே விரும்பி ஏற்று, 1895-இல் அக்கல்லூரித் தமிழ்த்துறையின் தலைவரானார்.

அக்காலத்தில் நாடகம் என்றால் கற்றோர் முகஞ்சுளித்தனர். நடிப்பவனைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்தனர். 1891-இல் சுந்தரம் பிள்ளை மனோன்மணீயத்தை வெளியிட்டார். அது படித்து இன்புறுதற்கென்றே இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அது கற்றோரை மேடைக்கு அழைத்தது. ஏடும் மேடையும் இவ்வாறு வெவ்வேறு வழியிற் சென்றுகொண்டிருந்த வேளையில், இரண்டையும் வகுப்பறையில் ஒன்றுசேர்க்க முயன்றதே சாஸ்திரியாருடைய தனிச் சிறப்பு. ரூபாவதி, கலாவதி என்னும் நாடகங்களை அவர் இயற்றினார். அவற்றில் பெண்வேடம் பூண்டு தாமே நடித்தார் என்றும் அவர் சரிதம் எழுதியோர் கூறுகின்றனர். களவழி நாற்பதுக்குப் பின்னணியான சோழன் செங்கணான், சேரமான் கணைக்காலிரும்பொறை ஆகியோரின் கதையை மானவிஜயம் என்று செய்யுள் நாடகமாக்கினார். மறைந்த இலக்கணத்துக்கு ஈடுசெய்வார் போன்று, சிலப்பதிகார உரையிற் கிடைத்த குறிப்புகளையும், வடமொழி நாடக சாஸ்திரத்தையும், ஆங்கில நாடகப் பயிற்சியையும் துணைக்கொண்டு, 1897-இல் நாடகவியல் என்னும் நூலைச் சூத்திர யாப்பிலேயே செய்தார். முப்பது வயதும் நிரம்பாத ஓர் ஆசிரியர், பழம் புலவர்கள் எழுதியவற்றைக் காலம் அழித்ததென்று புலம்பிக் கொண்டிராமல், அந்த இடத்தை நிரப்பத் துணிந்த செய்கை இது.

அந்நூலை நாடகக் கம்பெனிகள் கைக்கொண்டன என்று சொல்வது உண்மையாகாது. சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகங்களே மேடையை ஆண்டன. சாஸ்திரியாரின் சூத்திரங்களோ புத்தக அலமாரியில் தங்கின. ஆயினும், நாடகம் புலமைக்கு உரிய பொருள் என்னும் எண்ணத்தை அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1926-இல் விபுலானந்த அடிகள், ஷேக்ஸ்பியரையும் தசரூபகத்தையும் தமிழ் மரபோடு வைத்து ஆராய்ந்து மதங்க சூளாமணியை எழுதியபோது, அந்த வழி முன்னமே ஒருவரால் வெட்டப்பட்டிருந்தது.

தமது வடமொழிப் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கித் தனிப்பாசுரத் தொகையில் இட்டுக்கொண்ட அவர், 1903 நவம்பர் 2-இல் காசநோயால் மறைந்தார். அப்போது வயது முப்பத்து மூன்று. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் நிறுவிய வாதம் 2004-இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. அன்று அவர் பெயர் நாடெங்கும் நினைக்கப்பட்டது. நாடகத்துக்காக அவர் வாதாடியதை நினைத்தவர் மிகச் சிலரே. முத்தமிழ் விழா நடத்தும் கல்லூரிகள், சொற்பொழிவு ஒன்றைக் குறைத்து, அந்த நேரத்தில் மானவிஜயத்தின் ஓர் அங்கத்தையேனும் மாணவரைக் கொண்டு நடிப்பிக்கட்டும். நாடகம் கற்பித்த ஆசிரியருக்கு மாலையைக் காட்டிலும் மேடையே உகந்த மரியாதை.